விசில் அண்ணன் பதில்கள்: ஆட்டத்துக்கு வராதவருக்கு எதுக்கு ஜெர்சி?

வட சென்னைக் கால்பந்துத் திடல்களில் இருபத்தேழு வருஷம் லைன்ஸ்மேனாகவும் நடுவராகவும் ஓடியவன் நான். முழங்கால் போன பிறகு, பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கொருக்குப்பேட்டைப் பெண் ஒருவர் ஆரம்பித்து வைக்க, அதே விஷயத்தைச் சுற்றியே மற்ற கடிதங்களும் வந்திருக்கின்றன. மாமியார் மருமகள் கேள்விகள் அடுத்த இதழில்.

விளையாட்டில் பேர் வாங்கியவர்களைத் தேர்தல் இல்லாமலே மாநிலங்களவைக்கு நியமிப்பது சரியா அண்ணே? கல்லூரியில் பட்டிமன்றம். நான் ‘சரி’ அணி. நாலு பாயின்ட் கொடுங்களேன்.
*கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை*

கொடுக்கிறேன்மா. ஆனால் நான் கொடுப்பதில் ரெண்டு பாயின்ட் எதிரணி பக்கம் சாய்ந்தால் கோபப்படக் கூடாது.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள். மாநிலங்களவையில் அதிகபட்சம் 250 பேர் இருக்கலாம். அதில் 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். பேருக்குத்தான் அவர் நியமிப்பது. பட்டியல் மத்திய அரசிடமிருந்து வருகிறது. பதவி ஆறு வருஷம். குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாதே தவிர, சட்டம் நிறைவேற்றும்போது இவர்கள் ஓட்டும் மற்ற எம்.பி.க்கள் ஓட்டும் ஒன்றுதான். வேண்டுமென்றால் பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ளவும் செய்யலாம்.

எதுக்கு இந்த ஏற்பாடு? தெருத் தெருவாகப் போய் ஓட்டுக் கேட்கத் தெரியாத, ஆனால் ஒரு துறையை உள்ளும் புறமும் அறிந்த ஆள் ஒருத்தர் அவையில் இருக்கட்டும் என்றுதான். நம் ஊரிலேயே ரெண்டு நல்ல உதாரணம் இருக்கிறது. புரசைவாக்கத்தில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1980களின் கடைசியில் நியமன எம்.பி.யாக இருந்தார். அவர் அவையில் எழுந்து பேசியது இலக்கியத்தைப் பற்றி இல்லை, பள்ளிப் பிள்ளைகள் முதுகில் சுமக்கிற புத்தகப் பையைப் பற்றி. பிள்ளைகள் கூன் விழுந்து நடக்கிறார்கள் என்றார். அந்தப் பேச்சு பிறகு அரசு ஒரு கமிட்டி போடுகிற அளவுக்குப் போனது; யஷ்பால் கமிட்டி 1993ல் அறிக்கை கொடுத்தது. (பை இன்னும் குறையவில்லை என்கிறாயா? என் பேரன் பையை நேற்றுத் தூக்கிப் பார்த்தேன். எனக்கும் தெரியும்.) இன்னொருவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1952ல் நியமிக்கப்பட்டார். நாட்டியக்காரர் என்று உட்கார வைத்தார்கள். அவர் அரசு சார்பில் இல்லாமல், தன் சொந்தப் பொறுப்பில் மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1960ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்ததற்கு வேர் அங்கேதான்.

ரெண்டு பேரும் கையில் ஒரு விஷயத்தோடு போனவர்கள். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு விளையாட்டுக்காரர்கள் பக்கம் வா. 2003ல் மல்யுத்த வீரர் தாரா சிங், 2012ல் சச்சின் டெண்டுல்கர், 2016ல் மேரி கோம், 2022ல் பி.டி. உஷா. நடுவில் 2016ல் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவையும் நியமித்தார்கள். மூன்று மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டுத் தேர்தல் அரசியலுக்குப் போய்விட்டார்.

இதில் மேரி கோமைப் பார். எம்.பி.யாக இருந்துகொண்டே 2018ல் ஆறாவது உலகப் பட்டம் வாங்கினார், டோக்கியோ ஒலிம்பிக்கிலும் குத்துச்சண்டை போட்டார். பெருமைதான். ஆனால் விடிகாலை எழுந்து ஓடி, மூட்டையைக் குத்தி, எடையைக் குறைத்துக்கொண்டு திரிகிறவருக்கு நிலைக்குழு அறிக்கையை எந்த நேரத்தில் படிக்க முடியும்? களத்தில் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பது, விளையாட்டுக்கும் நல்லதில்லை, அவைக்கும் நல்லதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் நம்ம பக்கத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் டோர்னமென்ட் ஒன்று. பரிசு கொடுக்க ஒரு பெரிய ஆட்டக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். விடிகாலை நாலரைக்கு நானும் இன்னும் ரெண்டு பேரும் போய் சுண்ணாம்புக் கோடு போட்டோம். அவர் வரும் வழியில் சேறு என்று, கல்யாண மண்டபத்திலிருந்து சிவப்புக் கம்பளம் வாடகைக்கு வந்தது. பத்து மணிக்கு வரவேண்டியவர் ஒன்றரைக்கு வந்தார். கம்பளத்தை விட்டு இறங்காமலே பந்தை ஒரு உதை உதைத்தார், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார். மொத்தம் இருபது நிமிஷம். பசங்க வெயிலில் மூணரை மணி நேரம் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூப்பிட்டது நாங்கள்தானே? அவர் பேரைப் போட்டால் நோட்டீஸ் எடுபடும் என்று கூப்பிட்டோம், எடுபட்டது. நியமன எம்.பி. விஷயத்தில் அரசாங்கங்கள் செய்வதும் பெரும்பாலும் இந்த நோட்டீஸ் வேலைதான்.

அதனால் உன் பட்டிமன்றத்தில் இப்படிப் பேசு: ஆட்டக்காரரை நியமிக்கலாம், ஆடி முடித்த பிறகு, ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது வைத்திருந்தால். கோப்பை வாங்கியதற்குப் பரிசு என்றால், அதற்குத்தான் விருதுகள் இருக்கின்றனவே.

அரசியலமைப்புச் சட்டத்தின் 80ஆவது பிரிவில் இலக்கியம், அறிவியல், கலை, சமூகசேவை என்று நாலுதானே இருக்கிறது? விளையாட்டு எங்கே வந்தது?
*சட்டக் கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை*

சச்சின் நியமனத்தின்போது இதே கேள்வியோடு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள் தம்பி. நிற்கவில்லை. அந்தப் பிரிவில் ‘பின்வருவன போன்ற’ என்று ஒரு வார்த்தை வருகிறது. ‘போன்ற’ என்று சொல்லிவிட்டால் கதவு கொஞ்சம் திறந்துதான் இருக்கும்.

எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது வேறு. அந்தச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலேயே ஒரு ஹாக்கி கேப்டன் இருந்தார். ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணிக்குத் தலைவர். அவர் சபையில் எழுந்து பேசியபோது ஹாக்கியைப் பேசவில்லை, பழங்குடி மக்களின் உரிமையைப் பேசினார். விளையாட்டு என்ற வார்த்தை பட்டியலில் இல்லாமல் போனதைப் பற்றி அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

சச்சினை மட்டும் ஏன் எல்லாரும் குறை சொல்கிறீர்கள்? வாங்கின சம்பளத்தையே திருப்பிக் கொடுத்த மனுஷன் அவர்!
*சச்சின் பக்தன், ராயபுரம்*

கொடுத்தார். ஆறு வருஷச் சம்பளம், படி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 90 லட்ச ரூபாயைப் பிரதமர் நிவாரண நிதிக்கே கொடுத்தார். தொகுதி நிதியிலும் வேலை நடந்தது. ஆந்திராவில் கூடூர் பக்கம் புட்டம்ராஜு கண்டிரிகை என்ற ஊரைத் தத்து எடுத்தார். கூடூர் யாருக்கும் தெரியாத ஊர் இல்லை. நம் கொருக்குப்பேட்டையைத் தாண்டி கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டை என்று போகிற அதே தண்டவாளத்தில்தான் இருக்கிறது. மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ராயபுரத்துத் தம்பி, ஏறக்குறைய 400 நாள் அவை கூடியது, அவர் வந்தது முப்பது நாள்கூட இல்லை. இடையில் அவர் வருவதே இல்லை என்று நாடாளுமன்றத்தில் சிலர் சத்தம் போட்டார்கள். அண்ணனுக்கு அறுவை சிகிச்சை என்று விடுப்புக் கேட்டார், கொடுத்தார்கள். அனுமதி இல்லாமல் 60 நாள் வராவிட்டால் இடம் காலி என்று அறிவிக்க அவைக்கு அதிகாரம் உண்டு. அந்த 60 நாளை எப்படி எண்ணுவது என்பதிலும் சலுகை இருக்கிறது: கூட்டத்தொடர் முடிந்து மூடியிருக்கும் நாட்களோ, தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் ஒத்திவைத்த நாட்களோ கணக்கில் வராது. எப்போதாவது ஒரு நாள் தலையைக் காட்டினாலே போதும், கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அவர் மேல் எனக்குப் பரிதாபம் வந்த நாளும் ஒன்று உண்டு. 2017 டிசம்பர். விளையாடும் உரிமையைப் பற்றிப் பேச எழுந்தார். வேறு ஏதோ விவகாரத்துக்காக எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. அவர் பாட்டுக்குக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நிற்கிறார், பேசவே விடவில்லை. மறுநாள் ஃபேஸ்புக்கில் வீடியோவாகப் போட்டார். நல்ல பேச்சு. முழுசாகக் கேட்டேன். கூடவே ஒன்றும் தோன்றியது: ஐந்து வருஷமாகத் தினம் வந்து, ஆளும் கட்சி எதிர்க்கட்சி ரெண்டு பக்கமும் டீ குடித்துப் பழகியிருந்தால், பத்து நிமிஷம் அமைதி வாங்கித் தர நாலு பேர் எழுந்திருப்பார்கள்.

டீம் ஷீட்டில் பேர் இருந்தும் கிக்-ஆஃப் நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் நான் பேனாவால் ஒரு கோடு இழுப்பேன். ஸ்டார் பிளேயர் என்றாலும் அதே கோடுதான்.

அப்போது பி.டி. உஷா? அவர் ஆடி முடித்தவர், பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர், அவைக்கு வருகிறவர். உங்கள் அளவுகோலுக்குப் பொருந்துகிறாரே?
*உடற்கல்வி ஆசிரியர், பெரம்பூர்*

நல்ல கேள்வி சார். உண்மையில் பொருந்துகிறார். 1984 லாஸ் ஏஞ்சலஸில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போனதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிறகு கேரளத்தில் ஓட்டப் பள்ளி ஆரம்பித்துப் பெண் பிள்ளைகளைத் தயார் செய்தார். மாநிலங்களவையில் அவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து சபையை நடத்துகிற துணைத் தலைவர்கள் பட்டியலிலும் இடம்பெற்றார்.

என் சிக்கல் வேறு இடத்தில். 2022 ஜூலையில் நியமனம். அதே வருஷம் டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர். 2023ல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அவர்கள் குற்றம் சாட்டியது அவர்கள் சம்மேளனத்தின் தலைவரை. அவர் அன்றைக்கு ஆளும் கட்சி எம்.பி. அப்போது உஷா, தெருவில் உட்கார்வது ஒழுங்கீனம், நாட்டின் பேரைக் கெடுக்கும் என்கிற மாதிரி பேசினார். சில நாள் கழித்து அந்தப் பந்தலுக்கே போய்ப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கிறவனுக்கு ஒரு சந்தேகம் வருமா, வராதா? ஹோம் டீம் வீட்டில் மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் விசில் ஊதினால், நான் நேர்மையாகவே ஊதினாலும் எதிர் டீம் நம்பாது. நான் டோர்னமென்ட் நாட்களில் வீட்டிலிருந்து தயிர் சாதம் கொண்டுபோனதற்குக் காரணம் அதுதான்.

அந்தப் போராட்டத்தில் உட்கார்ந்திருந்த வினேஷ் போகட் 2024ல் ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் ஜுலானாவில் நின்று 6,015 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருக்கும் கட்சி உண்டு, கட்சிக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அந்த நாற்காலியை அவருக்குக் கொடுத்தது ஜுலானாக்காரர்கள். பதில் சொல்ல வேண்டியதும் அவர்களுக்குத்தான்.

நம்ம ஏரியா கேரம் பொண்ணு காசிமாவை அனுப்பலாமே? உலகத்தையே ஜெயிச்சவள்!
*இல்லத்தரசி, புது வண்ணாரப்பேட்டை*

2024ல் அமெரிக்காவில் உலகப் போட்டியில் மூன்று தங்கம். ஆட்டோ ஓட்டுநர் மகள். எனக்கும் நெஞ்சு விம்முகிறது அக்கா. ஆனால் மாநிலங்களவைக்கு முப்பது வயசு முடிந்திருக்க வேண்டும். அந்தத் தங்கங்களை வாங்கும்போது அவருக்குப் பதினேழு. படிக்கட்டும், ஆடட்டும்.

அதுவும் தவிர, கேரம் ஆடுகிறவர்களுக்கு டெல்லியில் ஆள் வேண்டுமா, தெருமுனையில் ஒரு அறை வேண்டுமா? நம் பக்கத்தில் பாதி மன்றங்கள் கொசுவத்தி ஏற்றி, ஒற்றை பல்புக்குக் கீழே, போரிக் பவுடரைச் சொந்தக் காசில் வாங்கித் தூவி ஆடுகின்றன. மழைக்காலத்தில் பலகை ஈரம் வாங்கினால் ஸ்ட்ரைக்கர் நகராது. பலகையை இஸ்திரிக்காரரிடம் கொண்டுபோய்ச் சூடு காட்டி எடுத்துவந்த பசங்களை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டில் எப்படி?
*கப்பல் பணியாளர், காசிமேடு*

இங்கிலாந்தில் பிரபுக்கள் சபையில் பெரும்பாலும் நியமனம்தான், மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் ஒருத்தரும் கிடையாது. 2020ல் கிரிக்கெட் வீரர் இயன் போத்தம் பிரபுவானார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுகிற பிரெக்ஸிட்டை ஆதரித்து மேடையேறியவர்; அதற்கான பரிசு என்று அங்கேயே பேசினார்கள். நம் ஊர்க் கதைதான்.

அதே சபையில் டானி கிரே-தாம்சன் இருக்கிறார். வீல்சேரில் ஓடி 11 பாராலிம்பிக் தங்கம் வாங்கியவர், 2010 முதல் உறுப்பினர், எந்தக் கட்சியும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் விஷயமாக விடாமல் பேசுகிறவர். 2024 ஆகஸ்டில் பாரிஸ் பாராலிம்பிக்குக்குப் போகிற வழியில் லண்டனில் ரயில் வந்து நின்ற பிறகு, இறக்கிவிட ஊழியர் வரவில்லை. சாமான்களை முதலில் தள்ளிவிட்டு, தானும் தவழ்ந்து பிளாட்பாரத்தில் இறங்கினார். நாடாளுமன்ற உறுப்பினர், பதினோரு தங்கம், தவழ்ந்து! மறுநாள் நாடே அதைப் பேசியது. எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் என் முழங்காலோடு படியேறும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மா ஞாபகம் வருகிறது. இவரை மாதிரி ஒருத்தர் கிடைத்தால் நாளைக்கே நியமிக்கலாம்.

தமிழ்நாட்டுக்குச் சட்ட மேலவை திரும்ப வந்தால் விளையாட்டுக்காரர்களுக்கு இடம் கிடைக்குமா?
*ஓய்வு பெற்ற தமிழாசிரியர், திருவொற்றியூர்*

வந்தால் பார்ப்போம் ஐயா. 1986ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒரு நடிகையை மேலவைக்கு நியமிக்கப் போய்ச் சண்டை வந்து, கடைசியில் மேலவையே போய்விட்டது. 2010ல் கலைஞர் தீர்மானம் போட்டு நாடாளுமன்றம் வரை ஒப்புதல் வாங்கினார். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, அதுவும் நின்றது. நியமனத்தால் வந்த வினை என்று நீங்களே வகுப்பில் பாடமெடுக்கலாம்.

டெல்லியில் யார் உட்கார்ந்தால் எங்களுக்கு என்ன? என் பையனுக்கு ஆட இடம் வேண்டும்.
*கால்பந்து ஆடும் பையனின் அப்பா, வியாசர்பாடி*

இந்த வாரம் வந்ததில் எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையது.

அரசியலமைப்பில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. திடலோ பெரும்பாலும் மாநகராட்சியுடையது. 2024 அக்டோபர் கடைசியில் மாநகராட்சி மன்றத்தில் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாருக்கு விடுகிற தீர்மானம் வந்தது ஞாபகம் இருக்கும். ஒரு ஆள், ஒரு மணி நேரம், 120 ரூபாய். டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்: 22 பசங்க ஒன்றரை மணி நேரம் ஆடினால் 3,960 ரூபாய். பக்கத்தில் இருந்த ஒரு பையன் கேட்டான், “சப்ஸ்டிட்யூட்டா வெளியே உட்கார்ந்திருந்தாலும் 120ஆ அண்ணே?” யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்தடுத்த நாளிலேயே தீர்மானத்தைக் கைவிட்டார்கள். அதைக் கைவிட வைத்தது மாநிலங்களவை இல்லை. கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டிய பசங்க, சத்தம் போட்ட பெற்றோர்கள், எழுதிய பத்திரிகைகள்.

டெல்லிக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2025ல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. சம்மேளனங்களின் செயற்குழுவில் சாதித்த வீரர்களுக்கு இடம் வைத்தே ஆகவேண்டும் என்கிறது. அது மாதிரி சட்டம் வரும்போது ஆட்டம் தெரிந்தவர் அவையில் இருப்பது பிரயோஜனம். அப்புறம், நியமன எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி, நாட்டில் எங்கே வேண்டுமானாலும் செலவழிக்கலாம். முல்லை நகர் திடலுக்கு நாலு விளக்குக் கம்பம் என்று ஒரு மனு எழுதி, இப்போது அவையில் இருக்கும் விளையாட்டு எம்.பி.க்கு அனுப்புங்கள். நகல் உங்கள் கவுன்சிலருக்கு. எழுதத் தெரியாவிட்டால் ஞாயிறு காலை என் வீட்டு வாசலுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

உங்களை நியமித்தால் போவீர்களா?
*பேர் போடாத வாசகர், மூலக்கடை*

ஞாயிற்றுக்கிழமை பதினாலு வயசுக்குக் கீழே இருக்கிற பசங்க மேட்ச் இருக்கிறது. ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி குறைகிறது. நீங்கள் மூலக்கடைதானே, வரும்போது வாங்கிக்கொண்டு வர முடியுமா?